நம் வீட்டுக்கு இல்லாத குறி

அப்பு,

நேற்று போனில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். கோபத்தில் வைக்கவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. போனில் சொன்னால் நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். கண்ணும் முன்போல இல்லை. பொறுமையாகப் படி. கடையில் வைத்துப் படிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி.

உன் லாண்டரியில் அயர்ன் போடுகிற முருகேசன், வாடிக்கைக்காரர் ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் மகளுக்குப் பூ வைக்கிற விசேஷத்துக்குப் போய்விட்டார் என்றாய். சட்டை உள்ளே வந்ததாகவும் வெளுத்ததாகவும் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அலமாரிக்குப் போனதாக மட்டும் இல்லை. அதை வைத்து நீ தேடியபோது அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். "நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிட்டேம்மா. இனிமே எவனும் நம்ம மெஷினை ஏமாத்த முடியாது" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் நான் போனை வைத்தேன். உன் மேல் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே உன்னை வளர்த்துவிட்டேன், அதனால்தான் உன்னால் சிரிக்க முடிந்தது.

பொங்கலுக்கு நான் கோயம்புத்தூர் வந்திருந்தபோது அந்த ஸ்கேனரை நீ பெட்டியிலிருந்து எடுத்ததை உட்கார்ந்து பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? வயரைச் சொருகியதும் சிவப்பு வெளிச்சம் வந்தது. ஒரு சட்டையில் ஒட்டியிருந்த, கோடு கோடாக அச்சடித்த சீட்டில் காட்டினாய், 'பீப்' என்றது, எண் வந்தது. அடுத்த சட்டையைக் காட்டினாய், அந்த எண்ணும் முதல் எண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரே வரியில் போய் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்று பேர் துணி ஒருவர் தலையில் விழுந்தது. நீ தலையைப் பிய்த்துக்கொண்டாய். "படிக்கத் தெரியுது, நிறுத்தத் தெரியல. உன்னை மாதிரியே இருக்கு" என்று நான் கேலி செய்தேன். பிறகு அதோடு வந்த புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருந்ததைக் கண்டுபிடித்தாய். அதில் ஒரு கட்டத்தின் மேல் வெளிச்சத்தைக் காட்டினாய், அதன் பிறகு ஒவ்வொன்றையும் படித்ததும் தானாகவே அடுத்த வரிக்குப் போனது. இன்னொரு கட்டத்தைக் காட்டிச் சத்தத்தைக் குறைத்தாய். மெஷினுக்குப் பாடம் சொல்வதும் கோட்டாலேதான் என்று பார்த்து நான் அசந்துபோனேன்.

ஆனால் அன்று நீ சொன்ன ஒரு வார்த்தைதான் இன்றுவரை உள்ளே கிடக்கிறது. "இந்தக் கோட்டுல பேரெல்லாம் இல்லம்மா, வெறும் நம்பர்தான். இந்த நம்பர் இன்னாருன்னு நாமதான் உள்ள எழுதி வைக்கணும். அத நாம தப்பா எழுதுனா மெஷின் அந்தத் தப்பைத்தான் சரியாப் படிக்கும்." நீ இதைப் பெரிய விஷயம்போலச் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். நீ பிறப்பதற்கு முன்பே எனக்கு அது தெரியும், அப்பு.

நான் கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தபோது எனக்குக் கொடுத்த வேலையே துணிக்குக் குறி போடுவதுதான். உன் அப்பாவும் தாத்தாவும் குளத்தில் வெளுப்பார்கள், வெள்ளாவி வைத்துத் துணியை அவிப்பார்கள். நான் சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தக் கறுப்புப் பாலைத் தொட்டு, சட்டையின் கழுத்துக்குப் பின்னால், வேட்டியின் ஓரத்தில் குறி வைப்பேன். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை வெள்ளாவி ஏறினாலும் போகாது. கையில் பட்டால் கொப்புளம்தான். என் வலது கை விரலில் உள்ள தழும்பை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்துக் கேட்டிருக்கிறாய். அந்தத் தெரு முழுக்க எனக்குப் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு ஒரு வட்டம். தோல் வியாபாரம் செய்த ராவுத்தர் வீட்டுக்கு மூன்று கோடு. கணக்கு வாத்தியார் வீட்டுக்கு இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, எல்லாம் தலையில்தான். எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. நம் துணி நமக்குத் தெரியாதா என்பார் உன் தாத்தா.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் இல்லாத நேரம் சேங்கொட்டையை எடுத்து உன் பள்ளிக்கூடச் சட்டையில் நீயாகவே ஒரு குறி வைத்தாய். மூன்று புள்ளி. விரலெல்லாம் கொப்பளித்து அழுதுகொண்டு நின்றவனை நான் விளக்குமாற்றால் அடித்தேன். "எல்லார் வீட்டுக்கும் இருக்கு, நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று நீ கேட்டாய். சட்டையைப் பாழாக்கியதற்காக அடித்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருப்பாய். அதற்காக இல்லை.

உன் அப்பா பஸ் விபத்தில் இறந்தார் என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். எப்படி வீட்டுக்கு வந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். நீ என் வயிற்றில் இருந்தாய், மேடு தெரிய ஆரம்பித்திருந்தது. கொடைக்கானல் மலையில் ஒரு பள்ளிக்கூட விடுதிக்குத் துணி வெளுக்க ஆள் வேண்டும், மாசச் சம்பளம், தங்க வீடு என்று யாரோ உன் அப்பாவிடம் சொன்னார்கள். வத்தலக்குண்டில் அந்த விடுதி மேஸ்திரியைப் போய்ப் பார்க்க வேண்டும். உன் அப்பாவுக்கு இருந்தது இரண்டு சட்டை. நல்லதாக இருந்த நீலக் கட்டம் போட்டதும் தோளில் கிழிந்து தைத்தது. "வெளுக்கிற வேலை கேட்டுப் போறவன் இம்புட்டு அழுக்கா நின்னா எவன் குடுப்பான்?" என்று தானே சொல்லிக்கொண்டு, வெளுத்து வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவினார். வெள்ளை டெரிலீன். அப்போது டெரிலீன் ஊரில் புதுசு, தெருவுக்கு ஒருவர் போட்டிருந்தால் அதிகம். அது கணக்கு வாத்தியாரின் மகனுடையது. அந்தப் பையன் வத்தலக்குண்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, அங்கேயே தங்கி சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவான். முதல் சம்பளத்தில் எடுத்த சட்டை. திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போகிற வழியில் குளத்துப் பக்கம் வந்து, "பாத்து வெளுங்க, இது ஒண்ணுதான் இருக்கு" என்று அவன் கையாலே கொடுத்துவிட்டுப் போனான். அவன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

வெளுக்கிற துணியை ஒரு பொழுதுக்குப் போட்டுக்கொண்டு மறுபடி வெளுத்து வைப்பது எங்கள் ஆட்களில் எல்லாரும் செய்வதுதான். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, பெண் பார்க்க. உடுத்தும்போது ஒரு சந்தோஷம், கழற்றும்வரை ஒரு பயம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்டப் போய்க் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டேன். அவ்வளவு வெள்ளையில் அவரை நான் பார்த்ததே இல்லை. "மாப்பிள்ளை மாதிரி இருக்கீக" என்றேன். "சாயங்காலம் வாரேன், கருவாட்டுக் கொழம்பு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். நீலக் கட்டச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் ஒரு போலீஸ்காரர் குளத்துக்கு வந்தார். முந்தின நாள் சாயங்காலம் வத்தலக்குண்டிலிருந்து வந்த பஸ் கவிழ்ந்தது எங்கள் காதுக்கு வந்திருந்தது. உன் அப்பா ராத்திரி வராததைப் பற்றி நானும் உன் தாத்தாவும் பேசிக்கொள்ளவே இல்லை, மேஸ்திரி இருந்து போகச் சொல்லியிருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டோம். ஒரு ஆளுக்கு முகம் அடையாளம் தெரியவில்லை, பையில் எதுவும் இல்லை, சட்டையில் சலவைக் குறி மட்டும் இருக்கிறது என்று சொல்லி, சிகரெட் அட்டையில் பென்சிலால் வரைந்து வந்ததை அந்தப் போலீஸ்காரர் நீட்டினார். அந்தக் காலத்தில் அப்படித்தான், பேர் தெரியாத ஆள் என்றால் முதலில் வெளுக்கிறவர்களைத் தேடித்தான் வருவார்கள்.

"ஏம்மா, இது எந்த வீட்டுக் குறி?"

இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. "கணக்கு வாத்தியார் வீடுங்க" என்றேன். உன் ஸ்கேனர் எப்படிப் படித்ததும் சொல்லிவிடுமோ அப்படித்தான் வாய் சொல்லிவிட்டது. மனசு அதற்கப்புறம்தான் வந்தது. "என்ன சட்டைங்க?" என்று கேட்டேன். "வெள்ளை டெரிலீன்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

நான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் தாத்தா துவைகல் பக்கத்தில் நின்றார், அவருக்கும் எல்லாம் கேட்டது. கையிலிருந்த வேட்டியை அவர் முறுக்கிக்கொண்டே இருந்தார், அதில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் முறுக்கினார். "மாமா" என்றேன். "வாய மூடு புள்ள" என்றார். "அவன் வந்துருவான். செத்த நேரம் பொறு. நேத்து சனிக்கிழமை, அந்த வாத்தியார் பயலும் அதே பஸ்ஸுலதான வருவான். அவனா இருந்தாலும் இருக்கும்." "சட்டை அது மாமா." "சட்டை எவன்கிட்டயும் இருக்கும். நீ போயி வாயத் தொறந்தின்னா நாளைக்கு இந்தத் தெருவுல ஒருத்தன் நமக்குத் துணி போடுவானா?" பிழைப்பைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது, அவருக்கு வேண்டியது பிழைப்பு இல்லை, இன்னும் கொஞ்ச நேரம். நான் சொல்லாதவரை அவர் மகன் சாகவில்லை. அங்கே கிடப்பது வாத்தியார் பிள்ளை. நான் வாயைத் திறந்தால்தான் அது உன் அப்பா.

நானும் அப்படியே இருக்கத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஈரச் சேலையோடு உட்கார்ந்து, வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் வருகிற ஒவ்வொரு ஆளும் அவர்போல இருந்தது. அப்போதுதான் வாத்தியார் வீட்டுப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஒரு பொம்பளை குரல், அப்புறம் பல குரல். அந்த அழுகை என்னுடையது, அப்பு. நான் அழ வேண்டியதை இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

வாத்தியார் வீட்டு வாசல் முழுக்க ஆட்கள். எப்போதும் கொல்லைப்புறமாகப் போய்த் துணி வாங்கி வருகிறவள், அன்று முன்வாசல் வழியாக உள்ளே போனேன், யாரும் தடுக்கவில்லை. வாத்தியாரம்மா தரையில் கிடந்தார், தலை அவிழ்ந்து கிடந்தது. வாத்தியார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், காலில் போட்டிருந்ததையே தேடினார். நான் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, அழாதீக. அது ஒங்க மகன் இல்ல. என் வீட்டுக்காரரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்ற?"

"சட்டைதான் ஒங்களது. போட்டுட்டுப் போனது அவரு."

"அப்ப எம்புள்ள இல்லையா? எம்புள்ள உசுரோட இருக்கானா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளை பிழைத்த சந்தோஷம் எந்தத் தாய்க்கு இருக்காது? அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. ஆனால் என் புருஷன் செத்த சேதியை நான் முதன்முதலாக வாயால் சொன்னேன், அதைக் கேட்டு ஒரு முகம் சிரித்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாண்டி வர முடியவில்லை. அப்புறம் அவர் கண் என் வயிற்றில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பு நின்றது, என்னைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதார். வாசலில் இருந்தவர்களில் யாரோ, "அதான பாத்தேன், ஊரான் துணிய உடுத்திக்கிட்டுத் திரியிறாங்கெ" என்றார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. அந்தப் பையன் வேலை முடியாமல் வத்தலக்குண்டிலேயே தங்கிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

வாத்தியார் நேரே குளத்துக்குப் போனார். உன் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் வந்ததால்தான் உடம்பைச் சீக்கிரம் கொடுத்தார்கள். பிரேதப் பரிசோதனை முடித்து, துணியைத் தனியாக ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார்கள். யார் வீட்டுத் துணி என்று கேட்டு அவரிடமே நீட்டினார்கள். உன் தாத்தா அவர் காலில் விழப் போனார், "வெளுத்துக் குடுத்துடறேன் சாமி" என்றார். செத்த மகனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தச் சட்டையை வெளுத்துத் தருவதாகச் சொன்னார். வாத்தியார் அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, "வேணாம்யா. அது அவனோடயே போகட்டும்" என்றார். அப்படித்தான் போனது. உன் அப்பாவை எரித்தபோது நெஞ்சின் மேல் வைத்தது அந்தச் சட்டையைத்தான், வாத்தியார் வீட்டுக் குறியோடு.

அதற்கப்புறம் உன் தாத்தா சொன்னதுதான் நடந்தது. ஒவ்வொரு வீடாகத் துணியை நிறுத்தினார்கள். வாத்தியாரம்மா மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் அவர் வந்து கொடுக்க மாட்டார், நான் போனால் உள்ளே போய்விடுவார், துணி கொல்லைப்புறத் திண்டில் தயாராக இருக்கும். என் முகத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சிரித்தது ஞாபகம் வரும்போல. நீ பிறந்தபோது ஒரு புதுத் துண்டும் சட்டைத் துணியும் அந்தத் திண்டில் இருந்தன. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்று உன் அப்பா அந்த டெரிலீன் சட்டையைப் போடாமல், தன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முகம் தெரியாது, பை வெறும் பை, சட்டையில் குறி கிடையாது. ஊரெல்லாம் குறி வைத்த என் கை என் புருஷன் சட்டையில் வைக்கவில்லையே. அநாதைப் பிணம் என்று அவர்களே எங்கேயோ புதைத்திருப்பார்கள். நான் இன்றைக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரவல் சட்டை எங்களுக்கு அவமானத்தைக் கொடுத்தது என்று உன் தாத்தா சாகும்வரை சொன்னார். அந்த இரவல் சட்டைதான் உன் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நீ மூன்று புள்ளி வைத்துக்கொண்டு வந்து நின்ற அன்று எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. குறி இருந்திருக்க வேண்டிய நேரத்தில் இல்லை, இப்போது எதற்கு என்று ஆத்திரம் வந்தது, உன்னை அடித்துவிட்டேன். அந்த அடி உனக்குச் சேர வேண்டியது இல்லை, ராசா.

முருகேசன் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. வாடிக்கைக்காரரிடம் நீ என்ன சொல்ல வேண்டுமோ சொல், முருகேசனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டு. ஆனால் மகளுக்குப் பூ வைக்க வருகிறவர்கள் முன்னால் நல்ல சட்டையோடு நிற்க வேண்டும் என்று ஒரு மனுஷன் நினைத்ததற்காக அவன் அடுப்பை அணைக்காதே. உன் மெஷின் சட்டை யாருடையது என்று சொல்லும். அதைப் போட்டுக்கொண்டு போனவன் யார், எதற்காகப் போனான், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று அது சொல்லாது. அதை நீதான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து உன் அப்பா திருடர் இல்லை. அவரைத் திருடர் என்று சொல்லாமல் முருகேசனை மட்டும் உன்னால் எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். கொடியில் போட்டுவிட்டுப் போன அந்த நீலக் கட்டச் சட்டை. இத்தனை வருஷத்தில் நான் அதை வெளுத்ததே இல்லை. ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்தேன், அந்த ஒரு வியர்வையை மட்டும் விட மனசு வரவில்லை. இப்போது வாசனையெல்லாம் போய்விட்டது, வெறும் துணிதான். முருகேசனைக் கூப்பிட்டு, அவர் கையால் கழுத்துக்குப் பின்னால் உன் கோடு போட்ட சீட்டு ஒன்றை ஒட்டச் சொல். பழைய துணி, இஸ்திரி சூடு தாங்காது, பார்த்து ஒட்டச் சொல். உள்ளே அந்த எண்ணுக்கு நேரே உன் அப்பா பெயரை நீயே எழுது, தப்பில்லாமல் எழுது. எழுதிவிட்டு எனக்குப் போன் போடு. நீ எதுவும் பேச வேண்டாம். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டையில் வெளிச்சத்தைக் காட்டு. நீ சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறாய், எனக்குக் காது மந்தம், அன்றைக்கு மட்டும் கூட்டி வை. அந்தப் 'பீப்' எனக்குக் கேட்க வேண்டும். கேட்டதும், அது யாருடையது என்று திரையைப் பார்த்து எனக்குப் படித்துச் சொல்.

அம்மா